மகளிரும் தொழில்நுட்பத் தொழில் முனைவும்

தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு புதிய நிறுவனங்களைத் தொடங்கும் மகளிருக்குத் தேவையான திறன்கள் எவை? கல்வியறிவு என்று மட்டும் விடை கூறுதல் போதாது. கற்ற அறிவை விற்பனைக்குரிய பொருளாக மாற்றுதல், முதல் திரட்டுதல், ஈட்டிய வருவாயை ஆராய்ச்சியில் ஈடுபடுத்துதல் ஆகிய மூன்றும் அதனுடன் சேர வேண்டும். பெங்களூரில் தோன்றி வளர்ந்த பயோகான் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அதனை நிறுவிய கிரண் மஜும்தார் ஷா, ஆஸ்திரேலியாவில் பீர் வடிப்புத் தொழில்நுட்பம் பயின்று 1975இல் தேர்ச்சி பெற்றவர். தாயகம் திரும்பியபோது, இது ஆடவர்க்குரிய பணி என்ற எண்ணத்தால், அவர் நாடிய தலைமை வடிப்பாளர் பதவி கிட்டவில்லை. எனினும், வடிப்புத் தொழிலில் என்சைம் எனப்படும் நொதிப்பொருள்களின் பங்கு பெரிது. அவற்றைப் பற்றிய அறிவையே தனித் தொழிலாக்க இயலும் என்று உணர்ந்தது அவருடைய முதல் திறன் எனலாம்.

1978இல் அயர்லாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன், ரூ. 10,000 முதலீட்டில், வாடகை வீட்டின் மோட்டார் கொட்டகையில் தொழில் தொடங்கப்பட்டது. பப்பாளிப் பாலிலிருந்து பெறப்படும் பப்பைன், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ் ஆகியன தொடக்க காலப் பொருள்கள். பீரைத் தெளிவுறச் செய்ய இவை பயன்படுகின்றன. மூலப்பொருள் உள்நாட்டில் கிடைத்தது. வாங்குவோர் அயல்நாடுகளில் இருந்தனர். இவ்விரண்டையும் இணைத்ததனால், ஏறத்தாழ ஓராண்டிலேயே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி நிகழ்ந்தது.

இடையூறு கடன் பெறுவதில்தான் எழுந்தது. முனைவோர் 25 வயதுப் பெண். ஈடு காட்டச் சொத்து இல்லை. உயிரித் தொழில்நுட்பமோ அந்நாளில் பலரும் அறியாத துறை. எனவே வங்கிகள் தயங்கின. பெரு முயற்சிக்குப் பின்னரே ஒரு வங்கி கடனளித்தது.

நிறுவனம் பிரித்தெடுக்கும் தொழிலோடு நின்றுவிடவில்லை. 1984 முதல் புதிய நொதிப்பொருள்களுக்கான ஆராய்ச்சியில் ஈடுபட்டது. பின்னர் மருந்துத் துறையில் நுழைந்து, 2004இல் மனித இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே அதன் பங்குகள் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. முதலீட்டாளர்கள் அன்று நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்ட நிறுவனமும், தொடக்கத்தில் வங்கிகள் கடன் மறுத்த நிறுவனமும் ஒன்றே.

இதிலிருந்து பெறப்படும் படிப்பினை தெளிவானது. திறன் முனைவோரிடம் இருந்தால் மட்டும் போதாது. அதனை மதிப்பிடும் திறன் கடன் வழங்குவோரிடமும் இருத்தல் வேண்டும். 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் இக்குறையைக் களைய முற்பட்டது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பெண்ணுக்கேனும் புதுத் தொழில் தொடங்க ரூ. 10 லட்சம் முதல் ரூ. 1 கோடி வரை கடன் அளிக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

ஆனால், இலக்கை எண்ணிக்கையால் மட்டும் நிறைவேற்றிவிட இயலாது. விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர், ஈடாக வரும் சொத்தின் மதிப்பை முதலில் வினவுவது வழக்கம். பொருளை வாங்குவோர் யாவர், மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்குமா, தொழில்நுட்பம் முனைவோருக்குக் கைவந்ததா என்பனவற்றை அவர் முதலில் வினவுவாரானால், வீடோ நிலமோ தம் பெயரில் இல்லாத பெண்ணின் விண்ணப்பமும் உரிய தகுதியைப் பெறும். மகளிரின் தொழில் திறன் நாட்டின் செல்வமாக மாறுவது பெரிதும் இவ்வினாக்களின் வரிசையைப் பொறுத்தது.