கருவிலேயே ஏறும் சர்க்கரை

1970களில் இந்தியாவின் பல ஊர்களில் எடுத்த கணக்கின்படி, நகரத்துப் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் சர்க்கரை நோய் இருந்தது. கிராமத்தில் அதைவிடவும் குறைவு. சென்னையில் 1980களின் கடைசியில் அது 8 சதவீதத்தைத் தொட்டது. 1995ஐ ஒட்டி 11.6 ஆனது. 2000இல் 13.5. 2006இல் 18.6. ஒரே ஊரில், ஒரு தலைமுறைகூட முழுதாக முடிவதற்குள் இவ்வளவு ஏற்றம்.

இதைப் பணக்கார வியாதி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சை இனி விட்டுவிட வேண்டும். 1989இல் தமிழகக் கிராமங்களில் 2.4 சதவீதமாக இருந்த நோய், 2006இல் நகரத்தை ஒட்டிய கிராமங்களில் 9.2 ஆகியிருந்தது. உலக அளவிலும் இதே கதைதான். 1985 முதல் 2017 வரை மனித உடல் எடை கூடியதில் பாதிக்கு மேல் கிராமங்களின் பங்கு என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. இந்தியா முழுவதும் லட்சம் பேருக்கு மேல் பரிசோதித்து 2023இல் வெளிவந்த முடிவுகள் இன்னும் கனமானவை: சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல்.

ஆயுள் கூடியிருக்கிறது, பரிசோதனையும் பெருகியிருக்கிறது, அதனால்தான் எண்ணிக்கை ஏறுகிறது என்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஐரோப்பியரைவிட நமக்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இந்த நோய் வந்துவிடுகிறதே, அதற்கு முதுமையைக் காரணம் காட்ட முடியாது.

ரத்தக் கொதிப்பைப் பற்றி ஒன்று மட்டும். 2020இல் தமிழகத்தில் நடந்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு எடுத்த அடுத்த கணக்கில் அது 17 சதவீதத்தை எட்டியது. நல்ல முன்னேற்றம். மீதிப் பேரில் சிலர் தலை சுற்றும்போது மட்டும் மாத்திரை போடுகிறார்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு. நாம் 8 கிராம் அளவில் சாப்பிடுகிறோம்.

ஆனால் என் பெரிய கவலை பெண்களைப் பற்றியது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4. இடைவெளி ஐந்தே ஆண்டுகள்தான். இடுப்புச் சுற்றளவை அந்த ஆய்வு முதன்முறையாக அளந்தபோது, 80 சென்டிமீட்டரைத் தாண்டிய தமிழகப் பெண்கள் ஏறத்தாழ 58 சதவீதம் என்று தெரிந்தது. அதே மாநிலத்தில் எட்டில் ஒரு பெண் எடை குறைந்தவள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பருமனும் பட்டினியும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக இருக்கின்றன.

எப்படி வந்தது இந்தப் பருமன்? வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. களைக்கொல்லி வந்ததும் களையெடுப்புக் குறைந்தது. ஆட்டுக்கல்லும் அம்மியும் கொல்லைப்புறம் போயின. குடத்தோடு நடந்த தூரத்தைக் குழாய் விழுங்கியது. இந்த வசதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முதுகு ஒடிய உழைத்த பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் நாற்று நட்டவளுக்கான அளவிலேயே நிற்கிறது. சென்னையில் எடுத்த கணக்கில், ஒருவர் உண்ணும் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. கறியும் பருப்பும் முட்டையும் வீட்டு ஆண்களின் தட்டுக்குப் போன பிறகு, மிச்சமிருக்கும் குழம்பும் சோறும்தான் அவளுக்கு. "நடங்கம்மா, தினம் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்கிறார். விடியற்காலையில் அவள் கணவர் நடக்கப் போகலாம். அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்கிறாள்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் இது போகிறது என்பதுதான் என்னை உறங்கவிடாத செய்தி.

1990களில் புனே அருகே உள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. ஒட்டிய வயிற்றோடு வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். பின்னாளில் சோறு தாராளமாகக் கிடைத்ததும், அந்த உடம்பால் சர்க்கரையைச் சமாளிக்க முடியவில்லை. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் நம் ஊரில் சர்க்கரை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது அதன் மறுபக்கம். 2005-07இல் தமிழகத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது நகரத்தில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் கணையம் கருவிலேயே மிகையாக வேலை செய்கிறது. இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வருவது பரம்பரையால் மட்டும்தானா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் விடை கிடைத்தது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களில், தாய்க்குச் சர்க்கரை வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு, அதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆபத்து இருந்தது. கரு வளர்ந்த சூழல்தான் அந்த வித்தியாசம்.

தமிழகம் இதை முன்னதாகவே உணர்ந்த மாநிலம். 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை கட்டாயமானது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதில்லை. தொலைவிலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். முதல் முறை வரும்போதே ஒரு சோதனை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. அந்த இரண்டாவது சோதனையின் காலமும் வளைகாப்பின் காலமும் நெருங்கி வருகின்றன. ஐந்து வகைச் சாதம், இனிப்பு, "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்ற அன்பு எல்லாம் சேர்ந்து நிற்கிற மாதம் அது. அன்பைக் குறைக்க வேண்டாம், சுண்டலையும் முட்டையையும் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் போதும். பலருக்கு உணவுக் கட்டுப்பாட்டிலேயே அளவு இறங்கிவிடும்.

ஆனால் பிரசவம் ஆனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். "பிரசவத்தோட போயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அது தற்காலிக விடுப்பில்தான் போயிருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு. ஆறு வாரம் கழித்துக் குளுக்கோஸ் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

அந்த ஆறாவது வாரத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? அம்மா வீட்டில். கர்ப்பத்தில் பார்த்த நர்ஸ் புகுந்த வீட்டு ஊரில். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி மூன்றாவது ஊரில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவள் திரும்பிப் போகும்போது கையில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கிறது. அவளுடைய சர்க்கரைக் கணக்கு இரண்டு வீடுகளுக்கு நடுவில் விட்டுப்போகிறது. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி கண்டுபிடிக்கிறார்கள், அல்லது நாற்பது வயதில் கால் புண் ஆறாமல் வரும்போது.

குழந்தையை மட்டும் யாரும் மறப்பதில்லை. ஒன்றரை மாத ஊசிக்குப் பாட்டி, தாய் எல்லோருமாகச் சேர்ந்து வந்துவிடுகிறார்கள். அதுவும் ஆறாவது வாரம்தான். ஊசி போட்டபின் அரை மணி நேரம் எப்படியும் உட்கார வேண்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக இருந்தால் தாயின் சோதனையும் அங்கேயே முடிந்துவிடும். இதற்குப் பெரிய செலவு கிடையாது, புதிய கட்டடமும் தேவையில்லை. தாய்ப்பால் கொடுப்பது அவளுக்கே சர்க்கரை வரும் ஆபத்தைக் குறைக்கும் என்பதையும் அந்தக் காத்திருப்பு நேரத்தில் சொல்லலாம். தடுப்பூசி அட்டையில் தாயின் சர்க்கரை அளவுக்கென ஒரு கட்டம் அச்சடித்து, அது காலியாக இருந்தால் அடுத்த ஊசிக்கு வரும் பத்தாவது வாரத்தில் எந்த ஊர் நர்ஸ் ஆனாலும் கேட்க வேண்டும்.