நம் இல்லத்தில் சூழொலி

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு ஓர் ஓசை என்றும் மறவாது. வெயில் ஏறிய வேளையில் உச்சிக் கிளையில் ரப்பர்க் காய் படீரென வெடிக்கும். கொட்டை எங்கோ தெறித்து விழும். கண்ணால் காணுமுன்னரே, "அதோ, அந்த நிரையில்!" என்று பிள்ளைகள் ஓடுவர். திசையை அவர்கட்குக் காட்டியது எது? இரு செவிகளே.

வலப்புறம் எழும் ஓசை வலச்செவியை முதலில் எட்டுகின்றது. தலையைச் சுற்றி இடச்செவியை அடைய அதற்குச் சற்றுத் தாமதமாகின்றது. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுகூட ஆகாத தாமதம் அது! தலை மறைப்பதால் இடச்செவியில் ஓசை தணிந்தும் கேட்கும். இவ்விரு வேறுபாடுகளையும் ஒப்பிட்டு மூளை திசையைக் கணிக்கின்றது. முன்னா பின்னா என்பதை அறியப் புறச்செவியின் மடிப்புகள் துணைபுரிகின்றன.

செவியின் இவ்வாற்றலைப் பயன்கொள்வதே 'சரவுண்ட் சவுண்ட்' எனப்படும் சூழொலியாகும். 1940ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டசியா' என்னும் படம், சில அரங்குகளில் பல ஒலிபெருக்கிகள் வழியே சூழ்ந்தொலித்தது. இன்று இல்லங்களில் பெரிதும் வழங்கும் 5.1 அமைப்பு, டால்பி டிஜிட்டல் முறையில் 1992ஆம் ஆண்டு 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் திரையரங்குகளுக்கு வந்தது. ஐந்து என்பது ஐந்து ஒலிபெருக்கிகள். புள்ளி ஒன்று என்பது இடிமுழக்கம் போன்ற அடியொலிக்கென அமைந்த சப்வூஃபர்.

திரைப்படத்திற்கும் கணினி விளையாட்டிற்கும் இதில் ஒரு வேற்றுமை உண்டு. படத்தின் ஓசைகளை ஒலிக்கலைஞர் முன்னரே பகுத்துப் பதிவு செய்துவிடுகின்றார். விளையாட்டிலோ அஃது இயலாது. ஆடும் பிள்ளை இடப்புறம் திரும்பினால், முன்னால் இரைந்த அருவி வலப்புறம் போய்விடுமன்றோ? அக்கணமே கணினி கணக்கிட்டு ஒலியை இடம் மாற்றுகின்றது. எனவே, பெட்டிகள் இடம் மாறி நின்றால் படத்தைவிட விளையாட்டே மிகுதியாகக் கெடும்.

யாம் முதலில் இக்கருவியை வாங்கியபோது ஐந்து பெட்டிகளையும் தொலைக்காட்சிக்கு அடியில் கொலு பொம்மைகளைப் போல் வரிசையாக அடுக்கினோம். சூழொலி வரக் காணோம். ஒலி போதவில்லை போலும் என்றெண்ணி மேன்மேலும் உயர்த்தினோம். அண்டை வீட்டார் கதவைத் தட்டியதே கண்ட பயன்!

மாணவச் செல்வங்களே, கூடத்தின் தரையில் ஒரு பெரிய கடிகாரம் வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் உங்கள் நாற்காலி. 12 மணியில் தொலைக்காட்சி. நடு ஒலிபெருக்கி அதே 12இல் நிற்கட்டும். முன்புற இரண்டும் 11இலும் 1இலும் நிற்க வேண்டும். எஞ்சிய இரண்டையும் பலர் நேர் பின்னே வைத்துவிடுகின்றனர். அது சரியன்று. வலப்பெட்டி 3க்கும் 4க்கும் இடையிலும், இடப்பெட்டி 8க்கும் 9க்கும் இடையிலும் அமைவதே முறை. யாவும் செவி மட்டத்தில் இருத்தல் நன்று. பக்கப் பெட்டிகள் சற்று உயர்ந்தால் குற்றமில்லை. நம் வரிசை வீடுகளில் சோபா பெரும்பாலும் சுவரை ஒட்டியே கிடக்கும். அதைச் சிறிது முன்னால் இழுங்கள். இழுக்க இடமில்லையேல் பக்கப் பெட்டிகளை 3இலும் 9இலும் நிறுத்தலாம்.

சப்வூஃபரின் ஆழ்ந்த ஒலி எத்திசையினின்று வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆதலால் அதனை வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஆனால் மூலையில் வைத்தால் அளவு மீறி முழங்கும். நல்ல இடம் காண ஒரு வேடிக்கையான வழி உண்டு. அதனை உங்கள் நாற்காலியில் ஏற்றி ஒலிக்கவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து செல்லுங்கள். எங்கே ஒலி தெளிவாகவும் சீராகவும் கேட்கின்றதோ, அங்கேயே அதை இறக்கி வையுங்கள். வீட்டிலுள்ளோர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வடங்களைப் பொருத்துகையில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்க. ஒன்று மாறினாலும் அடியொலி மெலிந்துவிடும். கணினியின் பின்புறத் துளைகளில் பச்சை முன்பெட்டிகளுக்கும், கறுப்பு பின்பெட்டிகளுக்கும், ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் சப்வூஃபருக்கும் உரியவை. பிறகு கணினியின் ஒலி அமைப்பில் 5.1 என்பதைத் தேர்ந்திடல் வேண்டும். இதை மறந்தால் இரு பெட்டிகள் மட்டுமே ஒலிக்க, கடைக்காரரைக் குறைகூற நேரிடும். ரிசீவர் வைத்திருப்போர் ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் அளந்து அதில் பதிய வேண்டும். அண்மையிலுள்ள பெட்டியை அது சற்றுத் தாமதித்து ஒலிக்கச் செய்யும்.

பெற்றோர்களே, பாட்டு அலறுகிறது, பேச்சுக் கேட்கவில்லை என்பது பல வீடுகளின் முறையீடு. உடனே எல்லா ஒலியையும் உயர்த்துகின்றோம். வேண்டாம். பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் வருகின்றது. அதனை மட்டும் சிறிது உயர்த்தினால் போதும். சூழொலியின் பயன் திசையே அன்றி உரப்பு அன்று. உலகச் சுகாதார நிறுவனம் சிறுவர்க்குக் காட்டும் எல்லை, வாரத்திற்கு 40 மணி நேரம் 75 டெசிபல் வரை. ஒலி ஏற ஏற அந்நேரம் விரைந்து சுருங்கும். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இடமோ பணமோ இல்லாதவர்க்குத் தலையணி ஒலிபெருக்கி ஒன்றே போதும். செவிமடிப்பின் வேலையைக் கணினியே கணக்கிட்டுத் தந்துவிடும். ஆனால் அது செவியை ஒட்டியே ஒலிப்பதால் அளவை இன்னும் குறைத்தே வைத்தல் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் வீட்டின் கடைக்குட்டியை நாற்காலியில் அமர்த்திக் கண்களைக் கட்டுங்கள். ஒலியைத் தாழ்த்தி வைத்து, ஒவ்வொரு பெட்டியாக ஒலிக்கவிடுங்கள். ஓசை வந்த பக்கம் பிள்ளையின் விரல் நீள வேண்டும். விரல் தடுமாறும் பெட்டியைச் சற்று நகர்த்தி, மீண்டும் கேளுங்கள்.