கடலை வாசமும் நாயின் மூக்கும்

ரெங்கம் மாதிரி ஒரு ஜோகூர் சிற்றூரில் வேர்க்கடலைக்குத் தப்பி ஒரு நாளைக் கழிப்பது எளிதல்ல. காலையில் நாசி லெமாக் பொட்டலத்தில் நெத்திலியோடு கடலை, மாலையில் சாத்தே குழம்பில் அரைத்த கடலை, அப்பம் பாலிக்கின் மடிப்புக்குள் சர்க்கரையோடு பொடித்த கடலை. நமக்கு அது ருசி. கடுமையான கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மாவுக்கோ, ஒவ்வொரு கடையிலும் கரண்டி மாறியதா, சட்டி ஒன்றா என்று கேட்டுக் கேட்டு ஓயாத பயம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முன்னால் போய் மேசையை மோந்து, கடலை இருந்தால் சட்டென்று உட்கார்ந்துவிடும் நாய்களை அமெரிக்காவில் பழக்குகிறார்கள்.

நம்ப முடியாதவர்கள் ஜோகூரிலேயே நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2007 மார்ச்சில் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லேப்ரடார்கள் மலேசியாவுக்கு வந்தன. வட அயர்லாந்தில் பயிற்சி பெற்றவை. டிவிடி செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாசம்தான் அவற்றுக்குக் கற்றுத் தந்த பாடம். ஜோகூர் பாருவில் நடந்த சோதனையில் ஏறக்குறைய 10 லட்சம் திருட்டு வட்டுகள் பிடிபட்டன. இரண்டு நாய்களின் தலைக்கும் கும்பல்கள் விலை வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆனால் அந்த நாய்களுக்கு அசலும் திருட்டும் ஒன்றே. பிளாஸ்டிக் வாசம் வந்தால் உட்காரும், அவ்வளவுதான். எது திருட்டு என்று பார்த்துச் சொன்னவர்கள் அதிகாரிகள். கடலை நாய்க்கும் இதே கதைதான்.

நம் மூக்கில் வாசம் உணரும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். எண்ணிக்கையைவிட என்னை வியக்க வைப்பது அந்த மூக்கின் அமைப்பு. நாய் நொடிக்கு ஐந்து முறை மோக்கும். உள்ளே போகும் காற்றில் எட்டில் ஒரு பங்கு போலத் தனியே பிரிந்து, மூக்கின் பின்னால் உள்ள மோப்ப அறைக்குப் போகிறது, மிச்சம் நுரையீரலுக்கு. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்னோக்கிப் போவதால், எதிரே இருக்கும் வாசத்தைக் கலைப்பதில்லை.

இத்தனை இருந்தும், பிள்ளையின் உயிருக்கு ஆபத்தானதை நாய் மோப்பதில்லை. ஒவ்வாமையைக் கிளப்புவது கடலையின் புரதம். புரதம் ஆவியாகாது, அதற்கு வாசமும் இல்லை. வறுக்கும்போது பைரசின் போன்ற சேர்மங்கள் பிறந்து காற்றில் பறக்கின்றன. நாய் பிடிப்பது அவற்றை. பச்சைக் கடலைக்கு வேறு வாசம், அவித்த கடலைக்கு வேறு. ஆகவே பச்சை, வறுத்தது, அவித்தது, அரைத்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்க வேண்டும். பிறகு முந்திரியையும் பாதாமையும் பக்கத்தில் வைத்து, இவற்றுக்கு உட்காரக் கூடாது என்று கற்றுத் தர வேண்டும். பிறகு அளவைக் குறைத்துக்கொண்டே போய்த் துடைத்த மேசையில் ஒட்டியிருக்கும் துணுக்கு வரை வர வேண்டும். கடலை எப்போதும் துளையிட்ட மூடி போட்ட ஜாடிக்குள்தான். நாய் அதை நக்கிவிட்டால் எச்சிலோடு புரதம் பிள்ளையின் கைக்கே போய்ச் சேரும்.

இந்த ஒவ்வாமை அதிர்ச்சியை மருத்துவம் புரிந்துகொண்டதே ஒரு நாயால்தான். 1902இல் பாரிஸில் சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேவும் நெப்டியூன் என்ற நாய்க்குக் கடல் சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு செலுத்தினார்கள். அது நன்றாகவே இருந்தது. 22 நாள் கழித்து அதே அளவு கொடுத்தபோது சில நொடிகளில் மூச்சு வாங்கி, 25 நிமிடங்களில் இறந்தது. முதல் முறை உடல் பழகிக்கொள்ளவில்லை, பகை பாராட்டத் தொடங்கியிருந்தது. அனாபிலாக்ஸிஸ் என்ற பெயர் அப்படி வந்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசும் வந்தது. நெப்டியூனின் பெயரை நாம் மறக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

பயிற்சியில் பெரிய சிக்கல் மனிதர்தான். 2011இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் 18 மோப்ப நாய்களைச் சோதித்தார்கள். சோதனை நடந்த அறைகளில் எந்தப் பொருளும் ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் இருக்கிறது என்று நம்பிய பயிற்றுநர்கள், நாய் கண்டுபிடித்துவிட்டதாகத் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். பயந்த தாயின் கையில் இருக்கும் கயிறும் அப்படி ஏதாவது சொல்லிவிடலாம். அதனால் ஜாடியை ஒளிப்பவர் ஒருவர், நாயை நடத்துபவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். சில நாள் எங்குமே ஜாடி வைக்கக் கூடாது.

ரெங்கத்தில் இப்படி ஒரு நாயைப் பழக்க நினைப்பவர் முதலில் பிள்ளைக்கு நாயே ஒவ்வாததா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் சரியாக மோக்க முடியாது. நிழலும் தண்ணீரும் ஓய்வும் பயிற்சியின் பகுதி. நாயின் எச்சில் பட்டால் மலாய் அண்டைவீட்டார் தங்கள் சமய முறைப்படி மண் கலந்த நீரால் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். ஆகவே யாரையும் நக்காமல், யார்மீதும் உரசாமல் நடக்கவும் அது பழக வேண்டும். இத்தனையும் கைவந்த பிறகும், நாய் தவறவிடும் ஒரு நாளுக்காகத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். அதைப் போடத் தெரிந்த ஒருவர் பள்ளியிலும் இருக்க வேண்டும்.