சரிவு நிலத்தில் ஒரு குடும்ப வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சமவெளியில் வீடு கட்டியவர்கள். மலைச் சரிவிலே மனை வாங்கியிருந்தால், கல்யாணத்தைப் பற்றிய எச்சரிக்கையை விட்டுவிட்டு, வீட்டைப் பற்றிய எச்சரிக்கையையே இரண்டு தடவை சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

குன்னூரிலும், கோத்தகிரியிலும், கொடைக்கானலிலும், ஏற்காட்டிலும் சிறிது நிலம் வாங்கி வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மலைச் சாரலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ அது ஆசையல்ல, அவசியம். இருசாராரும் மனையைக் கண்டதும் முதலில் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "முதலில் இதை மட்டமாக்கி விட வேண்டும்!" மறுநாளே மண் வெட்டும் இயந்திரம் வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதெல்லாம், அந்த இயந்திரத்தைச் சில நாட்கள் காத்திருக்கச் செய்யுங்கள் என்பதுதான். நிலத்தை வீட்டுக்கு இணங்க வைப்பதைக் காட்டிலும், வீட்டை நிலத்துக்கு இணங்க வைப்பதே செலவுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

உயிருக்கு என்று சொல்வது மிகையல்ல. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நீலகிரியில் பெய்த பெருமழையை அம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வீடு ஒன்றின்மீது மண்ணும் பாறையும் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மடிந்தார்கள். மழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதும், நீர் போகும் வழியை அடைப்பதும் மனிதர் செய்யும் காரியங்கள். அவற்றைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும்

மனையை வாங்குமுன் ஒரு நல்ல மழை நாளில் அங்கே போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்பதை அந்த ஒரு நாள் சொல்லிக் கொடுக்கும். வெயில் நாளில் சாதுவாகக் கிடக்கும் சிறு பள்ளம் மழைக் காலத்தில் ஓடையாகிவிடும். அதன்மேல் வீடு கட்டியவன் ஓடைக்குக் குடக்கூலி கொடுத்தே தீர வேண்டும்.

பிறகு மரங்களைப் பாருங்கள். அடிமரம் வளைந்து, மேல் மரம் மட்டும் நிமிர்ந்து நிற்குமானால், அங்கே மண் சிறிது சிறிதாக நகர்ந்து வந்திருக்கலாம். தரையில் பிறை வடிவமான வெடிப்புகள், சாய்ந்த வேலிக் கம்பங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று ஆகியவையும் அத்தகைய அறிகுறிகளே. உங்கள் மனையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலே உள்ள சரிவையும் ஏறிப் பார்க்க வேண்டும். ஆபத்து பல சமயங்களில் அடுத்தவர் நிலத்திலிருந்தே புறப்படுகிறது.

மூன்றாவதாக, சரிவை அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயும், இரண்டு கோல்களும், அளவு நாடாவும் இருந்தால் போதும். பத்தடிக்குப் பத்தடி மட்டம் பார்த்து, ஒரே உயரமுள்ள இடங்களில் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். மலையைச் சுற்றிப் படிக்கட்டுப் போல ஓடும் அந்தக் கயிறுகள்தாம் சம உயரக் கோடுகள். இனி வீட்டின் வரைபடத்தை நிர்ணயிக்கப் போகிறவை அவையே.

ஒரு சிறு கணக்கு

உதாரணமாக ஒரு மனையை எடுத்துக் கொள்வோம். சாலையோரமாக 45 அடி அகலம். கீழ்நோக்கி 60 அடி நீளம். சாலையிலிருந்து கடைசி எல்லை வரையில் 12 அடி இறக்கம். அதாவது, ஐந்தடிக்கு ஓரடி சரிவு. சாலையிலிருந்து பத்தடி தள்ளி, 35 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வீடு கட்ட வேண்டும்.

சாலை மட்டத்துக்குத் தரையை உயர்த்திக் கட்டுவது என்பது ஒரு யோசனை. வீட்டின் மேல் ஓரத்தில் 2 அடியும், கீழ் ஓரத்தில் 8 அடியும் மண் நிரப்ப வேண்டும். மொத்தம் 5,250 கன அடி; லாரிக்காரர் பாஷையில் 52 யூனிட்டுக்கு மேல். அவ்வளவு மண்ணையும் தாங்கிப் பிடிக்க எட்டடித் தடுப்புச் சுவர் வேறு. அந்த மண்ணோ வருஷக்கணக்கில் சிறிது சிறிதாக அமுங்கிக் கொண்டே இருக்கும். தரையும் சுவரும் விரிசல் விடும்.

இரண்டாவது யோசனை: வீட்டின் நீளமான பக்கத்தைச் சம உயரக் கோட்டின் வழியே வைத்து, அகலத்தை 15 அடி வீதம் இரண்டு படிகளாகப் பிரித்து, கீழ்ப் படியை மூன்றடி தாழ்த்துவது. ஒவ்வொரு படியிலும் மேற்பாதியில் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் நிரப்பினால், வெட்ட வேண்டியது மொத்தமே சுமார் 400 கன அடிதான். லாரியும் வேண்டாம், எட்டடிச் சுவரும் வேண்டாம். பீடத்துக்குள் இடும் மண் மட்டுமே தனிக் கணக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: நிரப்பிய மண்ணின்மீது அஸ்திவாரம் நிற்கலாகாது. அதை ஊடுருவிக் கீழே இறங்கி, ஆதியிலிருந்த கெட்டி நிலத்தில்தான் கால் ஊன்ற வேண்டும்.

இது புதிய தத்துவமல்ல. நீலகிரியின் படகர் மக்கள் தங்கள் ஹட்டிகளில் வீடுகளை மலையின் போக்கிலேயே வரிசையாக அமைத்தார்கள். வீட்டுக்கு வீடு பொதுச் சுவர்; முன்னால் நீண்ட சமதள முற்றம். மலையை அறுத்து வாழவில்லை; மலையோடு ஒட்டி வாழ்ந்தார்கள்.

நம் காலத்தில் இதையே தம் வாழ்நாள் தொழிலாகக் காட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், இந்தியா வந்து பம்பாயில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று மகாத்மா சொன்னதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்தார். இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலைவாசிகளின் வீடுகளிடமிருந்தே பாடம் கற்றார். பின்பு திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில், மற்றவர் ஒதுக்கிய பாறைச் சரிவிலே தமக்கு வீடு கட்டிக் கொண்டார். பாறையை உடைத்துத் தள்ளாமல், சரிவு இடம் தந்தபடி அறைகளைப் படிப்படியாக அமைத்தார். 2007-இல் அவர் காலமானார். அந்த வீடு அவருடைய கொள்கைக்குச் சாட்சியாக நிற்கிறது.

யாருக்கு எந்தப் படி?

நம் ஊர்ப் பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் பின்னோக்கி ஓடும். சமநிலத்துக்கு அது அழகு. சரிவிலே அந்தக் கோட்டை அப்படியே இறக்கினால் பாட்டியின் முழங்கால் தாங்காது. ஆகையால் கோட்டைக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும்.

தாத்தா, பாட்டி, தம்பதிகள், இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். சாலைக்கு அருகிலுள்ள மேற்படியில் திண்ணையும், கூடமும், சமையலறையும், பெரியவர்களின் அறையும், அதை ஒட்டியே குளியலறையும் கழிவறையும் இருக்கட்டும். காலையில் எழுந்து இரவு படுக்கும் வரையில் பெரியவர்கள் ஒரு படிகூட ஏறி இறங்க வேண்டிய அவசியம் இருக்கலாகாது. இதுவே இந்த வீட்டின் முதல் சட்டம்.

ஒன்றரை அடிப் பீடத்தின்மேல் தரை அமைந்தால், மேற்படி சாலைக்கு இரண்டடி தாழ்வாக இருக்கும். அதற்கு நாலு படி கட்டிவிடலாம். ஆனால் பக்கத்திலே 24 அடி நீளத்துக்கு ஒரு சாய்வு நடையும் அமைத்து விடுங்கள். பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறக்கம். கைத்தடியோடு நடப்பவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் பிறர் தயவின்றி வாசலுக்கு வரலாம். 45 அடி அகலமுள்ள முன்புறத்தில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு.

கூடத்திலிருந்து ஆறங்குல உயரமுள்ள ஆறு படிகள் இறங்கினால் கீழ்ப் படி. அங்கே தம்பதிகளின் அறை, குழந்தைகள் படிக்கும் இடம், மற்றொரு குளியலறை. படிகளுக்குக் கைப்பிடியும், இரவில் விளக்கும் கட்டாயம் வேண்டும். இரண்டு படிகளுக்கும் இடையே சுவரை முழுதும் எழுப்பாமல் விட்டால், அடுக்களையில் நிற்கும் தாயார் கீழே படிக்கும் குழந்தையைப் பார்த்துக் கொண்டே வேலை செய்யலாம். பள்ளத்தாக்கின் காற்றும் காட்சியும் கூடம் வரையில் வரும்.

மண்ணை ஒட்டிய சுவருள்ள அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். மலையின் ஈரம் அங்கே கசியும். வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மூன்று நாலு அடி இடைவெளி விட்டு, அதிலே ஒரு வாய்க்கால் ஓடும்படி செய்வது உத்தமம்.

செப்டிக் தொட்டி வீட்டுக்குக் கீழ்ப்புறம் இருக்க வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டி மேற்புறம் இருக்க வேண்டும். அப்பொழுது இரண்டிலும் தண்ணீர் தானாகவே இறங்கும். நம் கழிவுக்குக் கீழே அடுத்த வீட்டாரின் கிணறோ ஊற்றோ இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே.

தண்ணீருக்கு வழி

சரிவு நிலத்தில் வீட்டுக்கு முதல் விருந்தாளி தண்ணீர். வழிவிட்டால் வணங்கிச் செல்லும். மறித்தால் சுவரைத் தள்ளும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் எட்டடி உயரத்துக்கு நீர் நிறைந்து நின்றால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின்மீதும் சுமார் 900 கிலோ எடையுள்ள உந்துதல் உண்டாகிறது. 35 அடிச் சுவரின்மீது 31 டன்னுக்கு மேல்! மண்ணின் உந்துதல் இதற்குப் புறம்பானது. ஆகவே தடுப்புச் சுவர் அவசியமான இடங்களில், பின்புறம் ஜல்லி நிரப்பி, நாலைந்து அடிக்கு ஒரு நீர்த்துளை விட வேண்டும். கருங்கல் சுவரானால் அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையலாகாது. உயரமான ஒரே சுவரைக் காட்டிலும், தாழ்வான இரண்டு மூன்று சுவர்கள் நல்லவை. சுண்ணாம்போ சிமிண்டோ இன்றிக் கல்லை அடுக்கிக் கட்டும் தாழ்ந்த சுவருக்கு நீர்த்துளையே வேண்டாம். கல்லுக்குக் கல் இடுக்கு வழியாக நீர் வடிந்துவிடும்.

வீட்டுக்கு மேலே மழைநீரை மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று வேண்டும். கூரை நீரையும் கணக்கில் சேருங்கள். கேத்தியில் பெய்தது போன்ற மழை நம் 1,050 சதுர அடிக் கூரையில் பெய்தால், ஒரே நாளில் 78,000 லிட்டர் இறங்கும். அது சரிவிலே கண்டபடி கொட்டாமல், குழாய் வழியே தொட்டிக்கும், மிகுந்தது ஊர் ஓடைக்கும் போக வேண்டும். கீழ்ச் சரிவிலே வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் பத்தடி ஆழம் வரையில்கூட இறங்கி மண்ணைப் பிணைத்துக் கொள்ளும். இருக்கிற மரங்களை வெட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளைக் காப்பதற்கென்று 1990-ஆம் ஆண்டில் ஒரு குழுமம் அமைக்கப்பட்டது. பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். இதைத் தொல்லையென்று கருத வேண்டாம். மண்ணைச் சோதிக்கத் தெரிந்த இஞ்சினீயரையும், அந்த மலையிலேயே கல் கட்டிப் பழகிய மேஸ்திரியையும் ஒருங்கே கலந்து கொள்ளுங்கள். ஒருவர் கணக்கை அறிவார்; மற்றவர் மலையை அறிவார்.

நாம் வீடு கட்டுவது நம் ஆயுளுக்கு மட்டுமல்ல. அன்று திண்ணையில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் நம் பேரக் குழந்தைகள். இரவெல்லாம் மழை கொட்டும்போது அவர்கள் அச்சமின்றித் தூங்க வேண்டுமானால், இன்று நாம் சில நாட்கள் பொறுத்து, மழையில் நனைந்து, கயிறு பிடித்து அளந்து, பிறகு மண்வெட்டியைக் கையில் எடுப்போமாக!