ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும்? உங்கள் ரத்தத்தில் இருக்கும் புரதத்தின் கதை

புரோட்டீன் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? ஜிம்மில் பக்கத்தில் இருப்பவர் குலுக்கிக் குடிக்கும் பவுடர், தினமும் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்ன டயட்டீஷியன், பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "25 கிராம்". இப்படி ஏதாவது ஒன்றுதானே?

தப்பில்லை. ஆனால் நீங்கள் சாப்பிடும் புரதத்தை உடம்பு அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில்லை. வயிறும் சிறுகுடலும் அதை வெட்டி, பெரும்பாலும் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக்கித்தான் ரத்தத்துக்கு அனுப்புகின்றன. கோழியின் புரதமோ கொண்டைக்கடலையின் புரதமோ, உள்ளே போன பிறகு எல்லாம் செங்கல்தான். (கொலாஜன் பவுடர் குடித்தால் அது நேராக முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.) அந்தச் செங்கற்களை வைத்து உங்கள் செல்கள் என்ன கட்டுகின்றன, அதில் ஒரே ஒரு செங்கல் மாறினால் என்ன ஆகும் என்பதுதான் நாம் பார்க்கப்போகிற விஷயம்.

சங்கிலி ஒன்று, வடிவம் ஒன்று

நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. எது முதலில், எது அடுத்து என்ற வரிசை டிஎன்ஏ-வில் எழுதப்பட்டிருக்கிறது. ரைபோசோம் என்ற செல்லின் குட்டித் தொழிற்சாலை அந்த வரிசையைப் படித்து, ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு சங்கிலியை உருவாக்கும். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தில் 30 ஆயிரத்துக்கும் மேல்.

ஆனால் வெறும் சங்கிலியால் பெரும்பாலும் எந்த வேலையும் நடக்காது. அது மடங்க வேண்டும். 20 வகைகளில் சிலவற்றுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. சாம்பாரில் எண்ணெய்த் துளிகள் தண்ணீரை விட்டு விலகி, ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, தண்ணீர் பிடிக்காத அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்ள, தண்ணீர் பிடித்தவை வெளிப்புறமாக நிற்கும். அப்படியே சங்கிலி சுருண்டு, மடிந்து, தனக்கென்று ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. உணவைச் செரிக்கும் என்சைமில் ஒரு பள்ளம், கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒரு கவ்வி, நரம்புச் செல்லின் சுவரில் உப்பு அயனிகள் நுழைய ஒரு வாசல். எல்லாமே மடிப்பில் உருவானவை.

வடிவம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க லேப் தேவையில்லை, ஒரு முட்டையை வேகவைத்தால் போதும். சூட்டில் வெள்ளைக்கரு புரதங்களின் மடிப்பு பிரிந்து, உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அமினோ அமிலங்களின் வரிசை அப்படியேதான் இருக்கிறது, வடிவம் மட்டும்தான் போய்விட்டது. ஆனால் கண்ணாடி மாதிரி இருந்த திரவம் வெள்ளைக் கட்டியாகிவிட்டது. பார்லரில் கெமிக்கல் போட்டு முடியை ஸ்ட்ரெய்ட்டன் செய்யும்போதும் வடிவத்தில்தான் கை வைக்கிறார்கள். முடியின் கெரட்டின் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அவிழ்த்து, வேறு நிலையில் மறுபடி கட்டுகிறார்கள்.

இந்த மடிப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு என்று காட்டியதில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சேர்ந்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்குப்போட்டு ஒரு வரைபடமாக்கினார்கள். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிப்பது வழக்கம்.

ஹீமோகுளோபின் எப்படி வேலை செய்கிறது?

இப்போது உங்கள் ரத்தத்துக்கு வருவோம். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு சங்கிலிகளால் ஆனது. 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலி இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலி இரண்டு. ஒவ்வொரு சங்கிலியின் மடியிலும் ஓர் இரும்பு அணு. அதில்தான் ஆக்சிஜன் வந்து உட்காரும்.

இதன் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், ஹீமோகுளோபினுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது இறுக்கமான ஒன்று, ஆக்சிஜன் ஏறியதும் தளர்வான ஒன்று. கல்யாணப் பந்தியில் முதல் இலையில் யாராவது உட்காரும்வரை எல்லாரும் தயங்கி நிற்பார்கள் இல்லையா, ஒருவர் உட்கார்ந்ததும் மளமளவென்று வரிசை நிரம்பும். அதேபோல, முதல் ஆக்சிஜன் ஏறுவதுதான் கஷ்டம். அது ஏறியதும் வடிவம் மாறத் தொடங்கி, மற்ற இடங்களுக்கு வழி சுலபமாகும். நுரையீரலில் நான்கு இடமும் நிரம்பும். உழைத்துக் களைத்த தசையின் பக்கம் போனதும் வடிவம் திரும்பி, சுமையை இறக்கிவிடும். ஒரே மூலக்கூறு, ஓர் இடத்தில் பிடிக்கிறது, இன்னோர் இடத்தில் விடுகிறது. இதற்காக அதற்கு மூளை எதுவும் தேவைப்படவில்லை, வடிவமே போதுமாக இருக்கிறது.

ஆறாவது இடத்தில் ஒரு மாற்றம்

பீட்டா சங்கிலியில் ஆறாவதாக இருக்க வேண்டியது குளூட்டமிக் அமிலம். தண்ணீர் பிடித்தது, மின்னூட்டம் கொண்டது, அதனால் வெளிப்புறத்தில் நிற்பதில் அதற்குப் பிரச்சினையே இல்லை. சிலருக்கு டிஎன்ஏ-வில் 'ஏ' என்ற ஓர் எழுத்து 'டி' என்று மாறியிருக்கும். விளைவு, அந்த இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் வந்து உட்காரும். வாலினுக்குத் தண்ணீர் பிடிக்காது. ஆனால் அது மாட்டிக்கொண்டிருப்பதோ மூலக்கூறின் வெளிப்புறத்தில்.

ஆக்சிஜன் ஏறியிருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. இறக்கிவிட்டு இறுக்கமான வடிவத்துக்குத் திரும்பும்போதுதான் வினை. அப்போது பக்கத்து ஹீமோகுளோபினில் தண்ணீர் பிடிக்காத ஒரு சின்னப் பள்ளம் வெளியே தெரியும். வாலின் அதில் போய்ச் சொருகிக்கொள்ளும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று சேர்ந்து நீளமான நார்களாகிவிடும். உள்ளேயிருந்து நார்கள் முட்ட, வட்டமாக, வளைந்துகொடுக்கக்கூடியதாக இருந்த சிவப்பணு விறைத்துப்போய் அரிவாள் மாதிரி ஆகிவிடும். இதுதான் அரிவாள் செல் நோய், அதாவது சிக்கிள் செல் அனீமியா.

சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் செல்லுக்கு 10 முதல் 20 நாள்தான். அதனால் ரத்த சோகை. விறைத்த செல்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் மூட்டிலும் நெஞ்சிலும் தாங்க முடியாத வலி, அடிக்கடி தொற்று, சிறு வயதிலேயே பக்கவாதம் வரும் ஆபத்தும்கூட.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நார் உருவாக ஒரு சின்ன அவகாசம் தேவை. பெரும்பாலான செல்கள் அதற்குள் நுரையீரலுக்குத் திரும்பித் தப்பித்துவிடும். ஆனால் உடம்பில் நீர் வற்றினால் செல்லுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி கூடும், அந்த அவகாசம் மளமளவென்று குறைந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களிடம் "நிறைய தண்ணீர் குடிங்க" என்று டாக்டர் சொல்வது பாட்டி வைத்தியம் மாதிரிக் கேட்கும். உண்மையில் அது மூலக்கூறு அளவிலான வைத்தியம். கடும் குளிரும், ஆக்சிஜன் குறைந்த உயரமான இடங்களும் ஆகாது என்பதும் இதனால்தான்.

உங்கள் ஆபீஸில் யாராவது மாதத்துக்கு இரண்டு நாள் "உடம்பு வலி" என்று லீவு போட்டு, மூன்றாம் நாள் நல்லாத்தான் வந்து உட்கார்ந்தால், உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 நிலைகளில் அரிவாள் செல் நோயும் ஒன்று. வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமையே.

இந்தியாவில் ஏன் இத்தனை பேருக்கு?

இந்த மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்வார். அதுமட்டுமில்லை, கேரியர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா பரவிக் கிடந்த ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் இந்தியக் காட்டுப் பகுதிகளிலும் இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது இதனால்தான். இந்தியாவில் இது முதலில் பதிவானது நம் நீலகிரியில், 1952-இல், மலைவாழ் மக்களிடம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரா, குஜராத், ஒடிசா, கேரளாவின் வயநாடு என்று இன்று வரைபடம் ரொம்பப் பெரிது. பழங்குடி அல்லாத சில சமூகங்களிலும் இருக்கிறது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் மத்திய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 17 மாநிலங்களில், 40 வயதுவரை உள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அவர்கள் நிலையைக் குறிக்கும் ஜெனடிக் கார்டு தருகிறார்கள். திருமணத்துக்கு முன் இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது யோசனை. கேள்விப்பட எளிமையாக இருக்கிறது. ஆனால் "கேரியர்" என்ற ஒரு சொல் கிராமத்தில் ஒரு பெண்ணின் கல்யாணத்தை எவ்வளவு சுலபமாக நிறுத்திவிடும் என்பதை யோசித்தால், கார்டோடு கவுன்சலிங்கும் வீடுவரை போய்ச் சேர வேண்டியது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

வடிவத்தைத் திருத்த முடியுமா?

இப்போதைக்குக் கைக்கெட்டும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிடும். இந்த மருந்து அதைக் கொஞ்சம் கூட்டுகிறது. கரு ஹீமோகுளோபின் நாரில் சேராது, அதனால் நார் நீளாமல் தடைபடும். வலி வருவதும் குறையும்.

ஹீமோகுளோபினை நேரடியாகப் பிடித்துத் தளர்வான வடிவத்திலேயே நிறுத்திவைக்கும் வாக்ஸெலோட்டார் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யோசனை அழகானதுதான். ஆனால் பலனைவிட ஆபத்து அதிகம் என்று தெரிந்து 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி, கிரிஸ்பர் முறையில் ஜீனையே திருத்தி, கரு ஹீமோகுளோபின் உற்பத்தியை மறுபடி திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கட்சிரோலியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்து தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் வடிவம் தெரிவது வேறு, அது அசையும்போது என்ன செய்யும் என்று தெரிவது வேறு. ஹீமோகுளோபின் விஷயத்தில் சிக்கலே இரண்டு வடிவங்களுக்கு நடுவில் நடக்கும் மாற்றத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலோ, பரவலாக இருக்கும் பகுதியைச் சேர்ந்தவர் நீங்கள் என்றாலோ, குழந்தை பெறத் திட்டமிடும் முன் எடுத்துவிடுவது நல்லது. கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வரவில்லை என்பதால் இரண்டாவதுக்கு வாய்ப்பு குறையாது.

ஆபீஸ் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை இதற்குப் போதாது. கேரியருக்கு அதில் எல்லாமே நார்மல் என்று வரலாம். கேட்க வேண்டியது ஹீமோகுளோபின் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரெசிஸ். குளூட்டமிக் அமிலம் போனதால் மூலக்கூறின் மின்னூட்டம் மாறிவிட்டது அல்லவா? அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இந்தச் சோதனைகள் இரண்டு வகை ஹீமோகுளோபினையும் பிரித்துக்காட்டுகின்றன. லைனஸ் பாலிங் குழுவினர் 1949-இல் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான், இது மூலக்கூறில் இருக்கும் நோய் என்றே அறிவித்தார்கள்.

மரபணு மாறப்போவதில்லை என்பதால் வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறொருவரின் ஹீமோகுளோபினும் சேர்ந்து வந்து முடிவைக் குழப்பிவிடும்.