அச்சம் குடிபுகுந்த இல்லறம்

பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் தெமோதரையைக் கடந்து ஹாலிஎலயை அணுகும்போது, தேயிலை மலைகளுக்கிடையே வரிசையாய் நிற்கும் லயங்கள் கண்ணிற்படும். ஆங்கிலேயர் ஆட்சியில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்ற அளவிற் கட்டப்பட்டவை அவற்றுட் பல. அங்கே ஒரு வீட்டில் விழும் அடி அடுத்த வீட்டுச் சுவருக்குக் கேட்கும். ஆனால், அதன்பின் இரவில் அப்பெண்ணின் உள்ளத்திலும் உடலிலும் நிகழ்வதை எச்சுவரும் கேட்பதில்லை.

அடிபட்ட மனைவி கணவனை நெருங்க அஞ்சுகிறாள். ‘இவளுக்கு அன்பில்லை’ என்கிறான் அவன். ‘அனுசரித்துப் போ’ என்கின்றனர் பெரியோர். குறை தன்னிடமே என அவளும் நம்பிவிடுகிறாள். உண்மை யாது?

அச்சம் தோன்றியதும் உடல் தற்காப்புக்கு ஆயத்தமாகிறது. இதயம் விரைந்து துடிக்கும், தசைகள் இறுகும். இன்பத்துக்கு வேண்டிய நெகிழ்ச்சி அந்நிலையில் எழுவது அரிது. பிறப்புறுப்பைச் சூழ்ந்த தசைகளும் இறுகுவதால் உறவு வேதனை தருகிறது. வேதனை மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. பகலில் ஓங்கிய கை இரவில் தீண்டும்போது, உடல் அடியையே நினைவுகூர்கிறது. சிலர் உடலை மரக்கட்டையெனக் கிடத்தி, உள்ளத்தை வேறெங்கோ அனுப்பிவிடுகின்றனர். துயிலின்மை, மனச்சோர்வு, விரும்பாத கருத்தரிப்பு என்பனவும் தொடரலாம். ஆகவே, அவளது விலகல் குணக்கேடன்று, காயத்தின் அறிகுறி. அச்சத்தால் உரைக்கும் ‘ஆம்’ இசைவும் ஆகாது.

மதுவே காரணம் என்பாரும் உளர். மது வன்முறையைப் பெருக்கும் என்பது மெய்யே. ஆயினும், குடித்த நிலையிலும் தோட்டத்துரையின் முன் அடங்கி நிற்கும் கை, மனைவியின் முன் மட்டும் ஓங்குவதேன்?

இது தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர்.

1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தம், நீதிமன்றத் தீர்ப்பாற் பிரிந்து வாழும் மனைவியைப் பொறுத்தமட்டிலேயே கணவனின் வல்லுறவைக் குற்றமாக்கியது. எனினும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவள் சார்பிற் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ உண்டு. 1938 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி கோரலாம்.

மருந்தும் ஆலோசனையும் பயன்தர வேண்டுமாயின், முதலில் அடி நிற்றல் வேண்டும். அடுத்து, ‘இன்று வேண்டாம்’ என்று அவள் சொன்னால், அச்சொல்லுக்குத் தண்டனை கிடையாதென அவள் கண்டறிதல் வேண்டும். அந்நம்பிக்கை ஒரு நாளில் முளைப்பதன்று. காத்திருத்தல் கணவனின் கடன்.

சுவருக்குக் காது உண்டு என்பர். அச்சுவரை அடுத்து வாழ்வோர்க்கு நாவும் இருத்தல் வேண்டும்.