மெய்நிகர் கணினி தொடங்க மறுத்தால்

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி எனப்படும். விண்டோஸ் இயங்கும் கணினியில், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருளைக் கொண்டு லினக்ஸையும் இயக்கலாம். அந்த மெய்நிகர் கணினியின் வன்தட்டு, உண்மையில் நம் கணினியில் உள்ள ஒரு கோப்பே ஆகும். மாணவர் ஒருவர் பல நாள் உழைத்து எழுதிய நிரல்கள் அக்கோப்பினுள் இருக்கக்கூடும். எனவே, அது ஒருநாள் தொடங்க மறுத்தால், உடனே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ முற்படுதல் தவறு. இயக்க அமைப்பு தொடங்காமையும் தரவு அழிந்துபோதலும் ஒன்றல்ல.

தொடங்குதல் என்பது ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல படிநிலைகளின் தொகுப்பு. முதலில் மெய்நிகராக்க மென்பொருள், செயலியையும் நினைவகத்தையும் ஒதுக்குகிறது. பின்னர் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ, தொடக்க வட்டைத் தேடுகிறது. அவ்வட்டிலுள்ள தொடக்க ஏற்றி, கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல், வட்டுப் பகுதிகளை இணைத்துப் பிற சேவைகளைத் தொடங்குகிறது. இவற்றுள் எந்தப் படியில் தடை ஏற்பட்டது என்பதைக் கண்டறிதலே சீரமைப்பின் முதற்பணி.

மெய்நிகர் கணினி இயங்கவே தொடங்காமல் பிழைச்செய்தி தோன்றினால், செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸில் முடக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் செயலிகளில் இவ்வசதி விடி-எக்ஸ் எனவும், ஏஎம்டி செயலிகளில் ஏஎம்டி-வி எனவும் வழங்கப்படும்.

தொடக்க வட்டு இல்லை என்னும் செய்தி தோன்றினால், வட்டுக்கோப்பு இணைக்கப்பட்டுள்ளதா, தொடக்க வரிசை சரியாக உள்ளதா என நோக்க வேண்டும். யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய இயக்க அமைப்பு, அமைப்புகளில் பயாஸ் முறைக்கு மாற்றப்பட்டாலும் தொடங்காது. மீண்டும் பழைய முறைக்கு மாற்றினாலே போதும். வட்டில் எப்பழுதும் இராது.

லினக்ஸில் கிரப் என்னும் தொடக்க ஏற்றியின் பட்டியல் தோன்றிய பின் தடை ஏற்பட்டால், அதிலிருந்து பழைய கெர்னலைத் தேர்ந்து தொடங்கிப் பார்க்கலாம். அவசரநிலைத் திரை தோன்றினால், வட்டுப் பகுதிகளைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பிழை உள்ளதா என ஆராயலாம். அப்போதும் இயலாவிடில், லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை இணைத்து, நிறுவாமலே இயக்கும் வசதியின் வழியாக உள்ளே நுழைந்து, முதலில் நம் கோப்புகளை மீட்டுக்கொள்ளலாம்.

வட்டில் எதனையும் திருத்தும் முன், மெய்நிகர் கணினியை முற்றிலும் நிறுத்தி, வட்டுக்கோப்பைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுபவர், கணினி தொடங்கிய பின்னும் பிழை எங்கிருந்தது என்பதை அறியமாட்டார்.